பஞ்சாலை பழக்கிய நாற்றுகள்

மலேசியாவில், மந்தின் ஊரிலிருந்து பதினொரு கிலோமீட்டர் உள்ளே, புக்கிட் செராய் தோட்டத்தில், 2023ஆம் ஆண்டு மார்ச் பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குக் குளிரூட்டிய வேன் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து, எண்ணெய் தரும் செம்பனையின் அறுநூறு கன்றுகள் இறங்கின. எதுவும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டவில்லை. இவை விதையிலிருந்து முளைத்தவை அல்ல. நீலாயிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரே தாய்மரத்தின் திசுவை எடுத்துக் கண்ணாடிக் குப்பிகளுக்குள் வளர்த்தவை. காற்றோ வெயிலோ இதுவரை அறியாதவை.

அந்தக் கன்றுகளோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று, தோட்ட எழுத்தரான கிராணி வீரமுத்து அதை முன்னரே வாசித்துக் காட்டியிருந்தார். அறுபதாம் நாளன்று ஐந்நூற்று நாற்பது கன்றுகள் உயிரோடு இருந்தால் நாற்றுப்பண்ணை நீடிக்கும். ஒன்று குறைந்தாலும் மூடப்படும். அங்கே வேலை செய்யும் எட்டுப் பெண்களும் ஜெம்போல் பக்கத்துத் தோட்டத்துக்கு உதிர்ப்பழம் பொறுக்கப் போகலாம். பேருந்து இல்லாத அந்த வழிக்குப் போக முடியாதவர்கள் வீட்டில் இருக்கலாம்.

எட்டுப் பேரில் மூத்தவள் பஞ்சாலை. நாற்பத்தொன்பது வயது. பண்ணையின் மண்டோர், அதாவது வேலையை மேற்பார்ப்பவள், அவள்தான்.

வேனோடு வந்த ஆய்வுக்கூட அதிகாரியின் பெயர் நிலானி. இருபத்தாறு வயது, பேச்சில் யாழ்ப்பாணத் தமிழ், படிப்பு முடிந்து அவள் பொறுப்பேற்ற முதல் சோதனை இது. கையில் வைத்திருந்த ஆங்கிலத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கம்பத்தில் கட்டினாள். அதில் ஒரு சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இதுதான் முக்கியம். அக்ளைமடைஸ். இருபத்தொரு நாள்."

"அப்படின்னா என்னா மிஸ்?"

"புது இடத்துக்கு மெல்ல மெல்லப் பழக்கிறது. முதல் நாளே திறந்தால் செத்துப் போகும். முதல் கிழமை முழுக்க மூடி. அடுத்த கிழமை காலையில கொஞ்சம் விளிம்பு தூக்கி. அப்படியே கூட்டிக்கொண்டு போக வேணும்."

பஞ்சாலை சிரித்தாள். "வெயிலுக்குப் பழக்குறது. அத நாங்க முப்பது வருசமா செய்றோம்லா. பேருதான் தெரியாது."

அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. 1974இல் இதே தோட்டத்தில், ரப்பர் மரம் கீறிப் பால் எடுக்கும் குடும்பத்தில் பிறந்தவள் அவள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தாள். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை போட்ட ஆண்டில், பதினேழு வயதில், நாற்றுப்பண்ணையில் பெயர் பதிந்தாள். முளைவிட்ட விதையைப் பையில் ஊன்றி, நிழல்வலையின் கீழ் வைத்து, வலையை வாரம் ஒரு முழமாகச் சுருட்டிக் கன்றை வெயிலுக்குக் கொண்டுவருவதை அவள் கைகள் அங்கேதான் பழகின. 2009இல் தோட்டக் குடியிருப்பை இடித்தபோது மந்தினில் மலிவுவிலை வீடொன்றுக்குக் குடிபோனாள். பிறகு தோட்டத்தின் பாதி வீடமைப்புக்கு விற்கப்பட்டது. மரம் போனது, வீடு போனது, பள்ளிக்கூடம் வேறிடம் போனது. நாற்றுப்பண்ணை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. தினமும் காலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஏறி அவள் அங்கேதான் திரும்பி வந்தாள்.

அறுநூறு கன்றுகளும் அன்று மாலைக்குள் பைகளில் நடப்பட்டன. வரிசைக்கு முப்பதாக இருபது வரிசைகள். அவற்றின் மேல் மூங்கில் வளைத்து ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்பு. அதற்கும் மேலே கறுப்பு நிழல்வலை. உள்ளே கைவிட்டால் இட்லிப் பானையைத் திறந்ததுபோல் ஈர ஆவி முகத்தில் அடித்தது.

எட்டாம் நாள் வரை ஒரு கன்றும் சாகவில்லை. நிலானி அன்று பார்த்துவிட்டு, இரண்டு வாரப் பயிற்சிக்காகச் சபா மாநிலத்துக்குப் போனாள். ஒன்பதாம் நாள், தோட்டத்தின் தலைமை மேலாளரான பெரிய துரை வந்தார்.

துரை வருகிற நாளில் பண்ணை எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தத் தோட்டத்தில் எங்கும் எழுதப்படாத சட்டம். வலைகள் சுருட்டப்பட வேண்டும், பைகள் கயிறு பிடித்ததுபோல் நிற்க வேண்டும், மூடியிருப்பது எதுவும் இருக்கக் கூடாது. மூடி வைத்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று பொருள். 1993இல் அன்றைய துரை வந்தபோது ஒரு மேடையின் வலை சுருட்டப்படாமல் இருந்தது. அந்த மேடையைப் பார்த்துக்கொண்ட பஞ்சாலையை மூன்று நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது வயதில் வாங்கிய அந்தத் தண்டனையை அவள் மறக்கவில்லை.

மார்ச் இருபத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரைக்கு வீரமுத்து மோட்டாரில் வந்தார்.

"பஞ்சாலெ, பெரிய தொர சிரம்பான்லேர்ந்து கெளம்பிட்டாராம். ஒம்பது மணிக்கு இங்க இருப்பாரு. எல்லாம் தொறந்து வை."

"இதயுமா கிராணியாரே? மிஸ்சு தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

"அர மணி நேரம்லா. வந்து பாத்துட்டுப் போயிருவாரு. அறுநூறு கன்னும் கட்டுக்கடங்கி நிக்கிறதப் பாக்கத்தான் அவரே வர்றாரு. பிளாஸ்டிக்கையா பாக்க வர்றாரு?"

லோகேஸ்வரி ஏற்கெனவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது, பண்ணையில் பஞ்சாலைக்கு அடுத்த கை அவள். "அக்கா, அர மணிதானே," என்றாள். பஞ்சாலை கம்பத்திலிருந்த தாளை ஒருமுறை பார்த்தாள். சிவப்பு வட்டத்துக்குள் அந்தச் சொல் இருந்தது. பிறகு அவளும் கயிற்றைப் பிடித்தாள். இருபது வரிசைகளும் திறந்தன. பச்சைப் பசேலென்று, பார்க்க அழகாகத்தான் இருந்தன.

ஒன்பது மணி ஆயிற்று. பத்தாயிற்று. மூடிவிடலாம் என்று பஞ்சாலை சொன்னபோது, அடுத்த திருப்பத்தில் வண்டி வருவதாக அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. அது வேறு வண்டி. பதினொன்றரைக்கு வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. பூவாளியோடு எட்டுப் பேரும் வரிசைகளுக்கு நடுவே ஓடினார்கள்; நீர் தெளித்த இலை ஐந்து நிமிடத்தில் காய்ந்தது. பெரிய துரை முகுந்தன் வந்து இறங்கியபோது மணி பன்னிரண்டு ஐம்பது. வண்டியின் அருகிலேயே நின்று பார்த்தார். "நைஸ். நல்லா இருக்கு," என்றார். நான்கு நிமிடத்தில் போய்விட்டார்.

இலைகள் அன்றே வாடவில்லை. மறுநாள் காலையில் கிழக்கு ஓரத்து ஆறு வரிசைகளில் நுனிகள் வெள்ளைத் தாள்போல் வெளுத்திருந்தன. மேற்குப் பக்கத்து வரிசைகளில், பண்ணை நடுவே கிளை விரித்து நின்ற ஜம்பு மரத்தின் நிழல் விழுந்திருந்ததால் அவை தப்பின. பஞ்சாலை மூடினாள், தெளித்தாள், ஈரச் சாக்கு போர்த்தினாள். பதினான்காம் நாள் எண்ணியபோது இருபத்தெட்டு செத்திருந்தன. பதினாறாம் நாள் ஐம்பத்தொன்பது. பதினேழாம் நாள் காலை எழுபத்து மூன்று. அத்தோடு சாவு நின்றது.

அறுநூறில் எழுபத்து மூன்று போனால் ஐந்நூற்று இருபத்தேழு. பதின்மூன்று குறைவு.

எட்டுப் பெண்களும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வீரமுத்து வந்து வரிசைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எதுக்கு எழவு வீடு மாதிரி ஒக்காந்திருக்கீங்க? பக்கத்து மேடையில வெதக் கன்னு இல்லயா? காலிய நெரப்புங்க."

இதுவும் தோட்டத்தின் வழக்கந்தான். எந்த நாற்றுமேடையிலும் பத்துக்கு ஒன்று சாகும். செத்த இடத்தில் உபரிக் கன்றை வைப்பார்கள். வரிசையில் பல் விழுந்ததுபோல் இடைவெளி தெரிவது மண்டோருக்கு அவமானம். பக்கத்து மேடையில் அதே ஒரு சாண் உயரத்தில் விதைக் கன்றுகள் இரண்டாயிரம் நின்றன.

"இது வேற சாதிக் கன்னுலா கிராணியாரே."

"எலைக்கு எலை வித்தியாசம் சொல்லு பாப்போம். ஒனக்கே தெரியாது."

மேலே தெரியாதுதான். மண்ணுக்குக் கீழே தெரியும். விதையிலிருந்து வந்த செம்பனைக் கன்றின் அடியில் அந்த விதையின் கொட்டை மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். குப்பியில் வளர்ந்த கன்றுக்குக் கொட்டை கிடையாது. இது பஞ்சாலைக்கும் தெரியும், வீரமுத்துக்கும் தெரியும். "பையக் கிழிச்சா பாக்கப் போறாங்க?" என்றார் அவர்.

அன்று பிற்பகல் பஞ்சாலையும் லோகேஸ்வரியும் எழுபத்து மூன்று பைகளையும் நிரப்பினார்கள். ஆய்வுக்கூடத்தின் எண்சீட்டுகளை அந்தந்தப் பையிலேயே திரும்பச் செருகினார்கள். கை பழகிய வேலை. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பதின்மூன்று வைத்தாலே போதும், ஐந்நூற்று நாற்பது கணக்கு சரியாகிவிடும் என்பது இருவருக்கும் தோன்றவே இல்லை. காலி என்றால் கடைசிக் காலி வரை நிரப்புவதுதான் அவர்கள் கற்ற முறை.

இருபத்திரண்டாம் நாள் நிலானி சபாவிலிருந்து திரும்பி வந்தாள். வரிசை வரிசையாக எண்ணினாள். நம்பாமல் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் எண்ணினாள்.

"ஆன்ட்டி," என்றாள். "அறுநூறும் இருக்கு."

பஞ்சாலை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள்.

"எங்கட லேப்பிலயே நூறுக்குத் தொண்ணூற்றிரண்டுக்கு மேல வந்ததில்லை. என்ன செய்தீங்கள்?"

"ஒன்னும் செய்யல மிஸ். தாள்ள போட்டிருந்த மாதிரிதான்."

நிலானி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே நிலானியின் கையொப்பத்தோடு இடைக்கால அறிக்கை தலைமையகத்துக்குப் போயிற்று. அதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது: அறுபதாம் நாளன்று பெரிய துரையும் வேறு மூன்று தோட்டங்களின் அதிகாரிகளும் வருகிறார்கள், கன்றுகளைப் பழக்கிய விதத்தை அந்த மண்டோரே அவர்களுக்கு விளக்க வேண்டும். ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் போதும் என்று நிலானி எழுதிக் கொடுத்தாள். நான்கிலும் அந்தச் சொல் இருந்தது.

ஒரு பொய்யை மனப்பாடம் செய்வதற்காகத்தான் பஞ்சாலை அந்தச் சொல்லை உண்மையில் படிக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணியத்திடம் தாளை நீட்டினாள். அவள் கணவன் மணியம் நீலாயில் ஒரு பல்கலைக்கழகத்தின் வாயிலில் காவலர். வெளிநாட்டு மாணவர்களோடு பேசிப் பேசி ஆங்கிலம் பிடித்துக்கொண்டவர்.

"அக்... ளை... மடைஸ்," என்று வாசித்தார். "இது என்னா, மருந்துப் பேரா?"

"பழக்கிக்கிறது."

"அப்ப நான் ஒன்னக் கட்டிக்கிட்டு முப்பது வருசமா செஞ்சது இதுதானா? இதுக்கு இவ்ளோ பெரிய பேரு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா சம்பளம் கேட்டிருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. மணியம் தாளை மடித்து வைத்தார். "என்னா பஞ்சாலெ, ஒரு மாசமா சோறு சரியா எறங்கல ஒனக்கு. இங்கிலீசுக்கா இவ்ளோ பயம்?"

"ஆமா," என்றாள்.

மறுநாள் அவள் நிலானியிடம் கேட்டாள்: "மிஸ், அந்தச் சொல்ல நல்லா வெளங்கிக்கணும். எல எப்படிப் பழகுது?"

நிலானி ஒரு கன்றின் அருகில் குந்தினாள். அது உண்மையான கன்றுகளில் ஒன்று. கீழே இருந்த பழுப்பேறிய இலையைத் தொட்டுக் காட்டினாள். "இது குப்பிக்குள்ள வந்த இலை. இது பழகாது ஆன்ட்டி, கடைசிவரைக்கும் பழகாது. இதுக்கு மேலே மெழுகுப் பூச்சு இல்லை, தண்ணியப் பிடிச்சு வைக்கத் தெரியாது. நாங்கள் மூடி வைக்கிறது இதைப் பழக்க இல்லை. இது சாகிறதுக்கு முன்னம், நடுவில இருந்து புது இலை வர வேணும். அது வெளிக்காத்துக்கெண்டே முளைச்சு வரும். அதுவரைக்கும் பழைய இலையைக் காப்பாத்தித் தரணும். அவ்வளவுதான் அக்ளைமடைஸ்."

முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவள் இதை முதன்முறையாகக் கேட்டாள். இலையை வெயிலில் காட்டக் காட்ட அது உரம் ஏறும் என்றே அவள் நினைத்திருந்தாள். அரை மணி நேரம் திறந்தால் அரை மணி நேரத்துக்குப் பழகும் என்று கயிற்றைப் பிடித்தபோது எண்ணியதும் அந்த நினைப்பில்தான்.

"எல்லாம் ஒரே தாய்ப் பிள்ளையள்," என்று நிலானி எழுந்தாள். "இதில எது நல்லா வருதோ, அதை வைச்சு நானூறு ஹெக்டர் போடப் போறம். வேற கன்று கலந்திருந்தால் காய்ப்புக்கு வந்தபிறகுதான் தெரியும். அதுக்குப் பிறகு இருபத்தஞ்சு வருஷம் அந்த மரத்தோட இருக்க வேண்டியதுதான். நல்ல வேளை, என்ட பேர் போட்டு அனுப்பின முதல் அறிக்கை உங்களோட ஆச்சு."

போகிறபோது இன்னொன்றும் சொன்னாள். அறுபதாம் நாள் ஒரு பையைக் கிழித்து வேரைக் கழுவிப் பார்ப்பார்கள்.

அன்று நாற்பத்து மூன்றாம் நாள். பஞ்சாலை எல்லாரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தாள். நான்காம் வரிசை, ஏழாம் பை. விரலை மண்ணுக்குள் விட்டாள். இரண்டு அங்குலத்தில் கொட்டை தட்டுப்பட்டது. நகத்தால் நெம்பி இழுத்தாள். கொட்டை வந்தது, அதோடு வேரின் ஒரு கற்றையும் அறுந்து வந்தது. மண்ணைத் தள்ளி மூடினாள். அதிலிருந்து மூன்றாம் நாள் அந்தக் கன்று தலை சாய்த்தது. அதைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றை வைத்தாள், கொட்டையோடு.

லோகேஸ்வரி பார்த்துவிட்டாள். "அக்கா, கைய வச்சிக்கிட்டுச் சும்மா இரு. கிராணி பாத்துக்குவாரு. எந்தப் பையக் கிழிக்கணும்னு அவருதானே எடுத்துக் குடுக்கப் போறாரு?"

"மிஸ்சு கையெழுத்துப் போட்டிருக்குடி."

"மிஸ்சுக்கு வேற வேல கெடைக்கும். எனக்கு ரெண்டு புள்ள பள்ளிக்கூடத்துல. ஜெம்போலுக்கு யாரு ஏத்திக்கிட்டுப் போவா என்னைய?"

பஞ்சாலை பூவாளியை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினாள். அறுநூறு பைகளில் எது எது என்பது அவளுக்கு மனப்பாடம். வரிசை ஒன்றில் பத்தொன்பது, இரண்டில் பதினேழு, மூன்றில் பதினான்கு, நான்கில் பதினொன்று, ஐந்தில் எட்டு, ஆறில் நான்கு. மோட்டாரில் வரும்போது அவள் ஆங்கில வாக்கியங்களைச் சொல்லிப் பார்ப்பாள். வாய் வாக்கியத்தைச் சொல்ல, மனம் அந்த எண்களைச் சொல்லும்.

மே பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை, அறுபதாம் நாள். இந்த முறை பெரிய துரை நேரத்துக்கு வந்தார். ஒன்பது மணிக்கு நான்கு வண்டிகள் நின்றன. வீரமுத்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பதினெட்டாம் வரிசையின் ஓரத்தில் ஒரு பையைச் சற்றே முன்னால் தள்ளி வைத்திருந்தார். அது நல்ல பை.

நிலானி எண்ணிக்கையை அறிவித்தாள். அறுநூறுக்கு அறுநூறு. வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். முகுந்தன் வரிசைகளுக்குள் இறங்கி நடந்தார். முன்னொருநாள் வண்டியருகே நின்ற அதே மனிதர்தான். பதினெட்டாம் வரிசைப் பக்கமாக வீரமுத்து அவரை அழைத்துக்கொண்டு போனார்.

"வேரு ஒன்னு பாக்கணுமே," என்றார் முகுந்தன். பிறகு திரும்பினார். "பஞ்சாலைம்மா, நீங்களே ஒன்னு எடுத்துட்டு வாங்க. ஒங்க கை பட்டா வேரு அறாதுன்னு மிஸ் நிலானி சொன்னாங்க."

அறுநூறில் ஐந்நூற்று இருபத்தேழு பைகள் பத்திரமானவை. வீரமுத்து எடுத்து வைத்த பை பத்தடி தூரத்தில் இருந்தது. லோகேஸ்வரி கண்ணால் அதைக் காட்டினாள். பஞ்சாலை அந்தப் பக்கம் இரண்டடி நடந்தாள். நிலானி கத்தியையும் தண்ணீர் வாளியையும் தயாராக வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. பஞ்சாலை நின்றாள். பிறகு திரும்பி, கிழக்கு ஓரத்துக்கு நடந்தாள். நான்காம் வரிசை, ஏழாம் பை. குனிந்து தூக்கினாள்.

கத்தியை நிலானியிடமிருந்து அவளே வாங்கிக்கொண்டாள். பையைக் கீறினாள். மண்கட்டியை வாளியில் இறக்கி, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் மெல்ல அலசினாள். தண்ணீர் சிவந்தது. வேர் வெள்ளையாக வெளிவந்தது. அதன் நடுவில் கறுத்த கொட்டை.

அதை உள்ளங்கையில் ஏந்தித் துரையின் முன்னால் நீட்டினாள்.

"இது லேப்புக் கன்னு இல்ல தொர. வெதக் கன்னு. இது மாதிரி எழுபத்து மூனு இருக்கு. நான்தான் வச்சேன்."

மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களும் எங்கோ போய்விட்டன. ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"அக்ளைமடைஸ் முடியறதுக்கு முன்னுக்கு ஒம்பதாம் நாளே தொறந்துட்டோம். எட்டரைலேர்ந்து ஒன்னு வரைக்கும். மொத ஆறு வரிசையில செத்துப் போச்சு. ஜம்பு மரத்து நெழல் பட்டது பொழைச்சிக்கிச்சு. எந்த வரிசையில எத்தனன்னு சொல்றேன், எழுதிக்குங்க. நெசமா இருக்கறது ஐநூத்தி இருபத்தேழு."

"ஏன் திறந்தீங்க?" முகுந்தனின் குரல் உயரவில்லை. "தாள் கம்பத்துலதானே தொங்குது?"

பஞ்சாலை கொட்டையைப் பார்த்தாள். "நீங்க வர்றீங்கன்னு தொறந்தோம் தொர. ஒம்பது மணிக்கு வர்றதா சொன்னாங்க."

முகுந்தன் கடிகாரத்தைப் பார்ப்பவர்போல் மணிக்கட்டைத் திருப்பினார், ஆனால் பார்க்கவில்லை. வந்திருந்த அதிகாரிகளில் ஒருவர் இருமினார். நிலானி குறிப்பேட்டைத் திறந்தாள். "முதலாம் வரிசை," என்றாள். அந்தக் குரலில் ஆன்ட்டி என்ற சொல் இல்லை. பஞ்சாலை சொல்லச் சொல்ல அவள் தலை நிமிராமல் எழுதினாள். ஆறு வரிசைகளும் முடிந்ததும் குறிப்பேட்டை மூடிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

பதினெட்டு நாள் எந்தத் தகவலும் வரவில்லை. பெண்கள் பஞ்சாலையோடு பேசுவதை நிறுத்தினார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஏழு தூக்குகள் ஒரு பக்கம் திறந்தன. ஒன்று தனியாகத் திறந்தது. வீரமுத்து வழியில் கண்டால் மோட்டாரை வேகமாக முறுக்கினார். பஞ்சாலை வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது மணியம் வெகுநேரம் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஜெம்போலுக்கு நம்ம மோட்டாரு ஒன்ர மணி நேரம் எடுக்கும். பிரேக் மாத்திரணும்," என்றார்.

மே இருபத்தொன்பதாம் தேதி கடிதம் வந்தது. பெரட்டுக் களத்தில் வீரமுத்து அதை வாசித்தார். முதல் சோதனை தோல்வி எனப் பதியப்படுகிறது. கன்றுகள் செத்த நேரமும் வரிசையும் துல்லியமாகக் கிடைத்ததால் ஆய்வுக்கூடம் இரண்டாவது அறுநூறு அனுப்பச் சம்மதித்துள்ளது. நிபந்தனை அதேதான்: அறுபது நாள், ஐந்நூற்று நாற்பது. மண்டோர் பொறுப்பிலிருந்து பஞ்சாலை நீக்கப்படுகிறாள்; அந்தப் பொறுப்பு லோகேஸ்வரிக்குத் தரப்படுகிறது. கன்று மாற்றி வைத்ததில் கிராணிக்கும் லோகேஸ்வரிக்கும் இருந்த பங்கு பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பஞ்சாலை சொல்லியிருந்தால்தானே இருக்கும்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி வேன் வந்தது. நிலானி லோகேஸ்வரியிடம் மட்டுமே பேசினாள். தாளைக் கம்பத்தில் கட்டினாள். இந்த முறை எதையும் வட்டமிடவில்லை. பஞ்சாலை மற்ற ஆறு பேரோடு வரிசையில் குந்தி, மண்ணை விரலால் குழித்துக் கன்றை இறக்கினாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, அடுத்து என்ன செய்யலாம் என்று இன்னொருத்தியிடம் கேட்டு நின்றாள்.

ஒன்பதாம் நாள், ஜூன் இருபதாம் தேதி, காலை பத்து மணிக்கு, யாரும் சொல்லாமல், வளைவில் ஒரு வண்டியின் ஹார்ன் கேட்டது. பெரிய துரையின் வண்டி.

பண்ணையிலிருந்த எட்டுத் தலைகளும் ஒரே கணத்தில் நிமிர்ந்தன. ஒருத்தி பூவாளியைக் கீழே வைத்தாள். இரண்டு பேர் மூங்கில் முனைக்கு ஓடினார்கள். லோகேஸ்வரியின் கை அவளை அறியாமல் கயிற்றின் முடிச்சுக்குப் போனது. வெயில் சுள்ளென்று அடித்தது; வானத்தில் மேகம் இல்லை.

பஞ்சாலை மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். முடிச்சின் மேல் இருந்த லோகேஸ்வரியின் கையை அவள் இழுக்கவில்லை; அதன் மேல் தன் கையை வைத்தாள்.

"வேணாம் மண்டோரம்மா."

அந்தச் சொல்லை அவள் முதன்முறையாகச் சொன்னாள். லோகேஸ்வரி அவளை வெறித்துப் பார்த்தாள். வண்டியின் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. காலடிகள் சரளைக் கல்லில் நெருங்கின. லோகேஸ்வரியின் விரல்கள் முடிச்சை விட்டன.

முகுந்தன் வந்து நின்றார். கண்முன்னே வெள்ளையாக ஆவி படிந்த பிளாஸ்டிக் மட்டும். உள்ளே எதுவும் தெரியவில்லை. அவர் வரிசை வரிசையாகப் பார்வையை ஓட்டினார். வீரமுத்து பின்னாலிருந்து, "தொறக்கச் சொல்லவா தொர?" என்றார்.

"தொறக்க முடியாது தொர," என்றாள் லோகேஸ்வரி. "அக்ளைமடைஸ் இன்னும் பன்னெண்டு நாள் பாக்கி இருக்கு."

முகுந்தன் தொப்பியைக் கழற்றி வீரமுத்திடம் கொடுத்தார். பஞ்சாலை விளிம்பை ஒரு சாண் மட்டும் தூக்கிப் பிடித்தாள். பெரிய துரை இஸ்திரி போட்ட காற்சட்டையோடு ஈர மண்ணில் முட்டி போட்டு, தலையைத் தாழ்த்தி, அந்த இடைவெளி வழியே உள்ளே பார்த்தார். மூக்குக் கண்ணாடி ஆவியில் மங்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார்.

"சீக்கிரம் பாருங்க தொர," என்றாள் பஞ்சாலை. "காத்து உள்ள போவுது."